ஓய்வு பெறாதவர்களின் ஓய்வூதியம்

2025 மார்ச்சில் நாடாளுமன்ற முன்னாள் உறுப்பினர்களின் மாத ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாக உயர்ந்தது. அதுவும் 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே கணக்கிட்டு. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு 30,000 ரூபாய் 35,000 ரூபாய் ஆயிற்று. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு எங்கள் பனவடலிசத்திரத்தில் பேருந்துக்கு நின்றவர்கள் சொன்னதும், கல்லூரியின் ஆசிரியர் அறையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் சொன்னதும் ஏறத்தாழ ஒரே வாசகந்தான்: ‘எல்லாம் நம்ம வரிப்பணம்.’ அதன்பின் ஒரு பெருமூச்சு. பிறகு பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

இந்தப் பெருமூச்சை நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு உயர்வின்போதும் அது எழுகிறது, ஒவ்வொரு உயர்வுக்குப் பின்னும் அடங்கிவிடுகிறது. அதனால் யாருக்கும் ஒரு சிறு சங்கடமும் நேர்ந்ததில்லை. காரணம், அந்தக் கோபம் தொகையின் மீது பாய்கிறதே ஒழிய விதியின் மீது பாய்வதில்லை. தொகையை நியாயப்படுத்துவது எளிது. ‘இந்த விலைவாசியில் 35,000 ஒரு பெரிய பணமா?’ என்று யாரும் கேட்டுவிடலாம். நகரத்தில் இருப்பவர்கள் தலையாட்டவும் செய்வார்கள். விதியை நியாயப்படுத்துவதுதான் கடினம். ஆகவே விதியைப் பற்றிப் பேசுவோம்.

பேசுவதற்கு முன் என் நிலையைச் சொல்லிவிட வேண்டும். நான் 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்தவன். பழைய ஓய்வூதியம் எனக்கு இல்லை. என் சம்பளத்தில் மாதந்தோறும் பத்து விழுக்காடு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கென்று பிடிக்கப்பட்டு வந்திருக்கிறது. எனவே இந்த வழக்கில் நான் நடுநிலையாளன் அல்லன், வாதிகளில் ஒருவன். வாசகர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

முதலில் நம் பக்கத்துக் குப்பையைக் கூட்டிவிடுவோம். அரசியல்வாதிகளின் சலுகைகளைப் பற்றிக் கைபேசிகளில் சுற்றிவரும் செய்திகளில் பாதி பொய். அவர்களின் ஓய்வூதியத்துக்கு வருமான வரியே கிடையாது என்று ஒரு செய்தி ஆண்டாண்டாக உலவுகிறது, வரி உண்டு. நாடாளுமன்ற உணவகத்தில் சில்லறைக் காசுக்கு விருந்து என்று இன்னமும் அனுப்புகிறார்கள்; அந்த மானியம் 2021 சனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பொய்யை ஏந்திக்கொண்டு போகிறவனை எதிராளி ஒரே வரியில் மடக்கிவிடுவான். அந்த வரியோடு நம் உண்மையும் சேர்ந்து அடிபட்டுப் போகும். உண்மை போதுமான அளவுக்குக் கசப்பானது. அதற்குக் கூடுதல் காரம் தேவையில்லை.

அடுத்ததாக, எதிர்த்தரப்பின் நியாயத்தை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மக்கள் பிரதிநிதிக்கு ஊதியம் என்பது செல்வந்தர்கள் கேட்டுப் பெற்றதன்று. 1838-இல் இங்கிலாந்தின் சாசன இயக்கத்தார் வைத்த ஆறு கோரிக்கைகளுள் ஒன்று அது. ஊதியம் இல்லையென்றால் நிலவுடைமையாளரும் வணிகரும் மட்டுமே சபையில் உட்கார முடியும், உழைத்துச் சாப்பிடுகிறவன் அங்கே எப்படிப் போவான் என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கோரிக்கை நிறைவேற 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு என்று முடிவாயிற்று. ஊதியத்துக்குச் சொன்ன அதே நியாயத்தை ஓய்வூதியத்துக்கும் நீட்டலாம். வாழ்வின் நல்ல ஆண்டுகளைப் பொதுவாழ்வில் கரைத்தவன் முதுமையில் பிச்சையெடுக்கக் கூடாது.

நம்மிடமே இதற்குச் சான்றுகள் உண்டு. தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்த ஜீவாவை நினைத்துக்கொள்ளுங்கள். கக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். மேலூருக்கு அருகில் தும்பைப்பட்டியில் பிறந்து, காமராசர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் பொதுப்பணியும் காவல்துறையும் கையில் வைத்திருந்த மனிதர். 1967-இல் தோற்றபின் சொல்லிக்கொள்ள ஒரு சொத்தும் இல்லாதவர். மதுரை அரசு மருத்துவமனைக்கு வேறொருவரை நலம் விசாரிக்கப் போன எம்.ஜி.ஆர்., அங்கே சாதாரணப் பிரிவில் கிடந்த கக்கனைக் கண்டு திகைத்ததும், அவருக்கு அரசு உதவிக்கு ஏற்பாடு செய்ததும் தமிழகம் அறிந்த கதை. 1981 டிசம்பரில் கக்கன் மறைந்தார். முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியத்தைப் பற்றி யார் குறைசொன்னாலும் உடனே கக்கனின் பெயர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்படும். அந்தப் பெயருக்கு முன்னால் நாம் வாயடைத்துப் போவோம்.

நான் வாயடைத்துப் போகத் தயாரில்லை. கக்கனுக்காக எழுதப்பட்ட சட்டமென்றால் அந்தச் சட்டத்தில் கக்கன் இருக்க வேண்டும். வேறு வருவாய் இல்லாதவர், சொத்து இல்லாதவர், உழைக்கும் வயதைக் கடந்தவர் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லை. சட்டம் எல்லா முன்னாள் உறுப்பினர்களையும் கக்கனாகவே பாவிக்கிறது. 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வேட்புமனுவோடு தாமே கையெழுத்திட்டுக் கொடுத்த சொத்துக் கணக்கை ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொகுத்தபோது, ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் கோடிக்கு மேல் சொத்துடையவர்கள் என்று தெரியவந்தது. அவர்களிலும் சில கக்கன்கள் இருக்கக்கூடும். அந்தச் சிலருக்காகத் தருவதை நான் முழு மனத்தோடு ஆதரிப்பேன். கக்கனின் வறுமையைக் காட்டிக் கோடீஸ்வரர் வாங்கிக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது அந்த மனிதரின் நினைவுக்குச் செய்யும் அவமரியாதை.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு சொல் உறுத்துகிறது. ஓய்வு பெற்றபின் வாழ்வதற்குத் தரப்படுவது ஓய்வூதியம். முன்னாள் உறுப்பினர் எதிலிருந்து ஓய்வு பெற்றார்? முப்பத்தைந்து வயதில் ஒரு தேர்தலில் தோற்றவர் மறுநாளிலிருந்தே அடுத்த தேர்தலுக்கு வேலை செய்யத் தொடங்குகிறார். கட்சிப் பதவி இருக்கிறது, தொழில் இருக்கிறது, சிலருக்குக் கல்லூரிகளே இருக்கின்றன. நாடாளுமன்றச் சட்டத்தில் இந்த ஓய்வுக்கு வயது வரம்பு இல்லை. 1976-இல் அந்த ஏற்பாடு வந்தபோது ஐந்தாண்டுப் பணியாவது வேண்டும் என்றிருந்தது. 300 ரூபாய்தான் தொகை. இப்போது எவ்வளவு காலம் உறுப்பினராக இருந்திருந்தாலும் போதும் என்றாகிவிட்டது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500 ரூபாய் கூடுதல். வேறு ஓய்வூதியம் எதையேனும் பெற்றுக்கொண்டிருந்தால் அதோடு சேர்த்து இதையும் பெறலாம் என்று சட்டமே சொல்கிறது. சட்டமன்றத்தில் ஒருமுறை, நாடாளுமன்றத்தில் ஒருமுறை இருந்தவர் இரண்டு ஓய்வுகளை ஒரே சமயத்தில் அனுபவிக்கலாம். இரண்டையும் வாங்கிக்கொண்டே மூன்றாவது தேர்தலில் நிற்கலாம்.

வள்ளுவர் ஊதியம் என்ற சொல்லை ஆதாயம் என்னும் பொருளில் ஆள்கிறார். இந்தச் சட்டங்களைப் படிக்கும்போது, சட்டம் எழுதியவர்கள் குறளை நன்றாகவே படித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இனி விதியின் அடுத்த பக்கம். அதைப் புரிந்துகொள்ள 2003-க்குப் போக வேண்டும்.

2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு பணியில் சேரும் தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று அரசு முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு சனவரியில் மத்திய அரசும் தன் புதிய ஊழியர்களுக்கு அதையே செய்தது. சொல்லப்பட்ட காரணம் நினைவிருக்கிறதா? உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் என்ற சுமையை அரசுக் கருவூலம் இனித் தாங்காது. மனிதர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள். ஆகவே அவரவர் முதுமைக்கு அவரவரே சேமிக்கட்டும் என்பது. இருந்த ஓய்வுகாலப் பலன்களைக் குறைத்ததை எதிர்த்து அதே ஆண்டு சூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்றது. பெரும்பாலோர் பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் அந்தச் சில வாரங்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதை அந்தத் தலைமுறை ஆசிரியர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

கருவூலம் தாங்காது என்ற வாதத்தை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்கிறேன். பொருளியல் அறிஞர் பலர் அதை இன்றும் சொல்கிறார்கள். அவர்களெல்லாரும் மக்கள் விரோதிகள் என்று நான் நினைக்கவில்லை. என் கேள்வி வேறு. அந்த வாதத்தை முன்வைத்துக் கைதூக்கியவர்கள், அதே ஆண்டில், அதே சபையில் தங்களுக்கும் அந்த விதியைப் பொருத்திக்கொண்டார்களா? தங்கள் சம்பளத்தில் பத்து விழுக்காடு பிடித்துக்கொள்ளச் சொன்னார்களா? சந்தை ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும் என்று தங்கள் முதுமையைப் பங்குச் சந்தையில் ஒப்படைத்தார்களா? முப்பதாண்டு பாடம் நடத்தியவனுக்குத் தாங்காத கருவூலம், சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவருக்கு எப்படித் தாங்கிற்று?

2019 சனவரியில் ஜாக்டோ-ஜியோ அமைப்பினர் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டு அரசு 2026 சனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இரண்டிலும் கடைசிச் சம்பளத்தில் பாதிக்கு உறுதி உண்டு என்பது பெரிய மாற்றந்தான். இரண்டிலும் ஊழியரின் பத்து விழுக்காட்டுப் பங்களிப்பு தொடர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இருபதாண்டுக் கூச்சலுக்குப் பிறகும் எங்களுக்குக் கிடைப்பது பணம் கட்டிப் பெறும் ஓய்வூதியம். ஒரு நாளும் கூச்சலிட வேண்டியிராத அவர்களுக்குக் கிடைப்பது கட்டாமலே பெறும் ஓய்வூதியம்.

ஆயினும் ஆசிரியரையும் எம்.எல்.ஏ.வையும் மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிட்டால் இது சம்பளக்காரன் ஒருவனின் புலம்பலாகவே முடிந்துபோகும். எங்கள் ஊரையும் ஒருமுறை பார்ப்போம்.

பனவடலிசத்திரம் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகிற சாலையில் இருக்கிறது. பெயரைப் பிரித்தால் பனை வடலியும் சத்திரமும் கிடைக்கும். சுற்றிலும் மானாவாரி நிலம்; மழை பெய்தால் உளுந்தும் சோளமும் பருத்தியும், பொய்த்தால் வெறும் கரிசல். பெண்கள் பலருக்கு பீடிதான் சோறு போடுகிறது. இந்த வட்டாரத்தில் முதுமைக்கு இரண்டு வகைப் பணம் வருகிறது. ஒன்று, சனங்கள் ஓ.ஏ.பி. என்று சொல்லும் முதியோர் உதவித்தொகை. மற்றது, பீடி சுற்றியவர்களுக்கு வரும் பி.எஃப். பென்சன்.

முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962-இல் இருபது ரூபாயில் தொடங்கியது. 2011-இல் 500 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அசையவில்லை. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. நாளொன்றுக்கு நாற்பது ரூபாய். இதில் எண்பது வயதுக்குட்பட்டவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய். 2007-இல் நிர்ணயித்த அந்தத் தொகை 2025 வரையிலும் மாறவேயில்லை.

இந்த 1,200 ரூபாயைப் பெற ஒரு கிழவி என்ன செய்ய வேண்டும்? அறுபது வயதானதை நிரூபிக்க வேண்டும். தான் ஆதரவற்றவள் என்பதை நிரூபிக்க வேண்டும். தன் பெயரில் இருக்கும் சொத்து ஒரு இலட்சத்துக்கு மேற்படவில்லை என்று காட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். கிடைத்தபின்னும் நிம்மதி இல்லை. பெற்ற பிள்ளை பட்டணத்திலிருந்து வந்து ஓட்டை மாற்றிக் கான்கிரீட் போட்டுவிட்டான் என்றால் தணிக்கையில் பெயர் போய்விடுமோ என்று அஞ்சுகிறாள். தன் வறுமையைத் தானே பலர் முன்னிலையில் எடுத்துச் சொல்லி மெய்ப்பிக்க வேண்டிய அந்தக் கணத்தின் கூச்சம் இருக்கிறதே, அதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

பீடித் தொழிலாளியின் கதை இன்னொரு வகை. அவர் தன் உழைப்பில் கட்டியவர். யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. பத்தாண்டுப் பணி இருந்தால்தான் பென்சன். குறைந்தபட்ச பென்சன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள்; விலைவாசிப் படி என்று எதுவும் அதனோடு சேர்வதில்லை. ஆண்டுதோறும் தான் உயிரோடிருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். கருவியில் விரலை வைத்தால் ரேகை விழாது. முப்பது நாற்பது ஆண்டுகள் இலையைச் சுருட்டிச் சுருட்டி ரேகை தேய்ந்து போயிருக்கும். எந்த உழைப்புக்காகப் பென்சனோ அந்த உழைப்பே அவரை அடையாளமற்றவராக்கி வரிசையில் திரும்பி நிற்கவைக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2017-க்கு முன் தமிழ்நாட்டு முன்னாள் எம்.எல்.ஏ.வின் ஓய்வூதியம் 12,000 ரூபாய். அந்த ஆண்டு சூலை அறிவிப்பில் 20,000 ஆயிற்று. பிறகு படிப்படியாக ஏறி 2025-இல் 35,000. எட்டே ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு. 2017-இல் கிழவியின் தொகை 1,000 ரூபாய். அதே விகிதத்தில் அவள் தொகையும் ஏறியிருந்தால் 2025-இல் 2,900 ரூபாய்க்கு மேல் வாங்கியிருப்பாள். வாங்கியதோ 1,200. எம்.எல்.ஏ.க்கு 2025-இல் ஒரே அறிவிப்பில் கூடிய 5,000 ரூபாய் மட்டுமே நான்கு கிழவிகளின் முழு மாத வாழ்க்கை. நாடாளுமன்ற உறுப்பினர்களோ இன்னும் சாமர்த்தியசாலிகள். 2018-இல் தங்கள் சம்பளம் ஐந்தாண்டுக்கொருமுறை பணவீக்கத்துக்கேற்ப ஏறும்படி சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். 2025-இல் வந்த உயர்வில் ஓய்வூதியத்துக்கும் அந்தக் கணக்கே கைகொடுத்தது. பணவீக்கம் என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அது கிழவியின் வீட்டு அரிசிப்பானை வரைக்கும் வரும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இதைக் கட்சிச் சண்டையாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 சூலையில் அந்த உயர்வை அறிவித்தது அ.தி.மு.க. அரசு. அந்த வாரத்தில் தமிழக விவசாயிகள் இரண்டாம் முறையாக தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள். 2018 சனவரியில் அதற்கான மசோதா சட்டமன்றத்துக்கு வந்தபோது அரசுப் பேருந்துத் தொழிலாளர்கள் தங்கள் நிலுவைக்காக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்; பேருந்தில்லாமல் ஊர்கள் தவித்துக்கொண்டிருந்தன. அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. அந்த உயர்வை எதிர்த்தது. அதைப் பாராட்டவே வேண்டும். ஆனால் 2025-இல் ஓய்வூதியத்தை 35,000 ஆக்கியது தி.மு.க. அரசு. எந்தக் கொடி பறந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவையில் நிலவும் ஒற்றுமையைக் காவிரிக்காகக்கூட நாம் அவ்வளவு எளிதாகக் கண்டதில்லை. பிறகு 1986-இல் ஒழிக்கப்பட்ட மேலவை இருக்கிறது. மேலவை போய் நாற்பதாண்டு ஆகப்போகிறது அல்லது ஆகிவிட்டது. அதன் முன்னாள் உறுப்பினர்களும் ஒவ்வோர் உயர்விலும் மறவாமல் சேர்க்கப்படுகிறார்கள். கலைக்கப்பட்ட சபையைக்கூட நினைவில் வைத்திருக்கும் அரசுக்கு, உயிரோடிருப்பவரின் ரேகை மட்டும் நினைவில் நிற்பதில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். போனார்கள். அரசியல் சாசனத்தின் 106-ஆம் பிரிவும் 195-ஆம் பிரிவும் உறுப்பினர்களின் ஊதியத்தையும் படிகளையும் பற்றித்தான் பேசுகின்றன, ஓய்வூதியம் என்ற சொல்லே அவற்றில் இல்லை என்பது வாதம். லோக் பிரஹரி என்ற அமைப்பு தொடுத்த அவ்வழக்கை 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது சட்டமியற்றுவோர் முடிவுசெய்ய வேண்டிய விஷயம் என்பதே தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். தங்களுக்கு எவ்வளவு என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றாகிவிட்டது. ஆகவே இனிமேல் இது சட்டக் கேள்வியாக இல்லாமல் அரசியல் கேள்வியாகிறது. அரசியல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வாக்காளர்கள்.

ஒன்றும் மாறாது என்று சலித்துக்கொள்வது நம் இலக்கிய வட்டங்களில் ஒரு மோஸ்தர். மாறியிருக்கிறது. பஞ்சாபில் எத்தனை முறை வென்றாரோ அத்தனை ஓய்வூதியம் என்றிருந்ததை 2022-இல் ஒருவருக்கு ஒன்று என்று சட்டமாக்கினார்கள். பதினொரு முறை உறுப்பினராக இருந்த பிரகாஷ் சிங் பாதல் அதே ஆண்டில் தனக்கு அது வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். குஜராத்தில் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஓய்வூதியமே இல்லை. அதனால் அங்கே தேர்தலில் நிற்க ஆளில்லாமல் போய்விடவில்லை. கட்சி தாவிப் பதவியிழந்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது என்று இமாசலச் சட்டமன்றம் 2024 செப்டம்பரில் ஒரு மசோதா நிறைவேற்றியது. இலங்கையில் முன்னாள் சனாதிபதிகளின் மாளிகையையும் சலுகைகளையும் 2025 செப்டம்பரில் ஒரு சட்டத்தால் நீக்கினார்கள். மகிந்த ராஜபக்ச கொழும்பு விஜேராம மாவத்தை வீட்டை விட்டு வெளியேறினார். பிரிட்டனில் 2009-இல் செலவுக் கணக்கு ஊழல் நாறியபின், உறுப்பினர்களின் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் நிர்ணயிக்கும் வேலையை அவர்கள் கையிலிருந்தே எடுத்துத் தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே உறுப்பினர்கள் தங்கள் ஓய்வூதியத்துக்குத் தாங்களும் பணம் கட்டுகிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது என்பதை மறைத்துவிட்டுப் பேசுகிறோம் என்பது வேறு விஷயம். ஆயினும் பத்தாம் நூற்றாண்டின் அந்த விதிகளில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லாமல் அவன் உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். பதவி என்றால் விதி தளரும் என்று அவர்கள் எண்ணவில்லை. பதவி என்றால் விதி இறுகும் என்று எண்ணினார்கள்.

இந்த இடத்தில் எனக்கெதிராகவே ஒரு வாதத்தை வைக்க வேண்டியிருக்கிறது. கரிசலில் உளுந்து விதைக்கும் என் அண்டை வீட்டுக்காரருக்கு எம்.எல்.ஏ. மீது இருக்கும் அதே எரிச்சல் என் மீதும் இருக்கிறது. அவருக்கு வயதானால் யார் என்ன தருவார்கள்? அவர் கண்ணுக்கு நானும் மாதச் சம்பளக்காரன். வாத்தியார்களுக்குக் கொடுத்தே அரசாங்கம் போண்டியாகிறது என்று அவர் சொல்லும்போது நான் தலைகுனிந்துகொள்வதில்லை, ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியவில்லை. வரிப்பணம் என்ற சொல்லை நாம் ஒருவர் மீது ஒருவர் எறியத் தொடங்கினால், கடைசியில் எல்லாருடைய ஓய்வூதியத்தையும் ஒழித்துவிட்டு அதையே சமத்துவம் என்று சொல்லிவிடுவார்கள். 2003-இல் நடந்தது அதன் முன்னோட்டம். அரசு ஊழியர் மீது பொதுமக்களுக்கிருந்த வெறுப்பு அன்று எவ்வளவு லாவகமாகப் பயன்படுத்தப்பட்டது என்பதை நாம் பார்த்தோம். ஆகவே என் கோரிக்கை பறிப்பதன்று. பொதுவாக்குவது.

ஆறு விஷயங்களைக் கேட்கலாம். எங்களைப் போலவே அவர்களும் சம்பளத்தில் பத்து விழுக்காடு கட்டட்டும். அறுபது வயதுக்குப் பிறகே ஓய்வூதியம் தொடங்கட்டும். அரசு ஊழியருக்கும் பீடித் தொழிலாளிக்கும் இருக்கும் பத்தாண்டு என்ற வரம்பு அவர்களுக்கும் இருக்கட்டும். ஒருவருக்கு ஒரே ஓய்வூதியம் என்றாகட்டும். சொத்து வரம்பு ஒன்று வைக்கட்டும். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைகூட வேண்டாம், வேட்புமனுவில் அவர்களே சத்தியம் செய்து எழுதிய கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும். பத்தாண்டை எட்டாத கக்கன் ஒருவர் இருந்தால் அவரைக் காக்க ஒரு விதிவிலக்கு எழுதுவது சட்டம் தெரிந்தவர்களுக்குச் சிரமமான வேலையில்லை.

ஆறாவதுதான் எனக்கு முதன்மையானது. சட்டமன்றத்தின் முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியமும் முதியோர் உதவித்தொகையும் ஒரே சட்டத்தில், ஒரே பிரிவில் கட்டப்பட வேண்டும். ஒன்றை எத்தனை விழுக்காடு உயர்த்துகிறார்களோ மற்றதையும் அதே நாளில் அத்தனை விழுக்காடு உயர்த்தியாக வேண்டும். உதவித்தொகை பெறுவோர் இலட்சக்கணக்கானோர், முன்னாள் உறுப்பினர்கள் சில நூறு பேர், இரண்டையும் எப்படி ஒன்றாகக் கட்டுவது, நிதி எங்கே போவது என்று நிதித்துறை கேட்கும். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வி அவையில் எழ வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தங்களுக்குக் கூட்டிக்கொள்ளும்போது நிதி எங்கே என்ற கேள்வியே எழாமல் போவதற்கு அவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள் என்பதே காரணம். கிழவியையும் உடன் அழைத்துக்கொண்டு போகும்படி கட்டாயப்படுத்தினால் ஒன்று அவளுக்கு உயரும், அல்லது அவர்களுக்கு உயராது. இரண்டில் எது நடந்தாலும் நமக்குச் சம்மதமே.

சத்திரம் என்ற சொல் எங்கள் ஊர்ப்பெயரில் இருப்பதாலோ என்னவோ, சட்டமன்றத்தை நினைக்கும்போது எனக்குச் சத்திரமே நினைவுக்கு வருகிறது. வழிப்போக்கன் தங்குவான், சத்திரத்தில் எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே சோறு. தங்கிப் போனவனுக்கு வாழ்நாளெல்லாம் சாப்பாடு அனுப்பிவைக்கும் சத்திரமாக இருந்தால், வாசலில் பசியோடு நிற்பவருக்கும் அதே பந்தியில் இலை போட வேண்டும். அதற்கு அரிசி இல்லை என்றால், போனவருக்கு அனுப்புவதை முதலில் நிறுத்த வேண்டும்.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் படித்த கதைகளில் பாதி இந்தக் கிழவிகளைப் பற்றியவைதான். அவர்களைக் கதையில் கண்டு கண்கலங்குவதற்கும், அவர்களுடைய 1,200 ரூபாய் ஏன் பன்னிரண்டு ஆண்டுகள் 1,000 ரூபாயாகவே கிடந்தது என்று கேட்பதற்கும் நடுவில் பெரிய தூரம் எதுவும் இல்லை. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்கிறோம். அவற்றோடு இதையும் கேட்போம். முன்னாள் உறுப்பினரின் ஓய்வூதியத்தோடு முதியோர் தொகையை இணைக்கும் சட்டத்துக்குக் கைதூக்குவீர்களா, மாட்டீர்களா? ஆம், இல்லை என்ற இரண்டிலொரு விடை போதும். கட்சி எதுவானாலும் கேள்வி இதுதான்.